தெரபி அறையில் சொன்னது யாருக்கெல்லாம் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்சிலிங்குக்கு முதல்முறை வருபவர்கள் தங்கள் பிரச்சினையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் "இது வெளியே தெரிஞ்சிடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவர்கள் பரவாயில்லை. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, விஷயத்துக்கே வராமல் நின்றுவிடுபவர்கள் நிறைய. இந்தப் பக்கம் முக்கியமாக அவர்களுக்கு. இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதியிருக்கிறேன். 'தெரபிஸ்ட்' என்று வரும் இடத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

ரகசியம் காப்பது தெரபிஸ்ட்டின் நல்ல குணமா, சட்டக் கடமையா?

கடமைதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம்) 23-ஆவது பிரிவில் இதை நோயாளியின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அவருடைய மனநலம், உடல்நலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

இதில் ஒரு இடைவெளி இருக்கிறது. பலரும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 2017 சட்டம் பேசுவது 'மனநோய் உள்ளவர்' பற்றி. மனநோய்க்கு அது தரும் விளக்கம் கனமானது: சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு, அதனால் நிதானமாக முடிவெடுப்பதோ, நடத்தையோ, அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனோ பெரிதும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். காதல் தோல்வி, நீட் தேர்வு பயம், மாமியாரோடு ஒத்துப்போகாதது என்று கவுன்சிலிங்குக்கு வருபவர் அந்த விளக்கத்துக்குள் அடங்குவாரா என்பது வாதத்துக்குரியது. அப்படிப்பட்டவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு, தெரபிஸ்ட்டின் தொழில் நெறியும், முதல் நாளில் இருவரும் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவமும்தான். அதனால் அந்தப் படிவத்தை 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். படிவமே தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், வாய்மொழியாகவாவது "எதெல்லாம் வெளியே சொல்வீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற தெரபிஸ்ட் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை.

என்னை அழைத்து வந்தது அம்மா. ஃபீஸ் கட்டுவதும் அவர்தான். அவரிடம் சொல்லிவிடுவார்களா?

நம் ஊரில் ரகசியம் கசிவது கோர்ட் வழியாகவோ போலீஸ் வழியாகவோ அல்ல. பெரும்பாலும் வீட்டு வழியாகத்தான். மகள் உள்ளே பேசிவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அதற்குள் அம்மா கதவைப் பாதி திறந்து, "ஒரே நிமிஷம் சார், என்ன சொன்னா? அந்தப் பையனைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்பார். அங்கே தப்பினால் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் அதே கேள்வி வரும். அந்த அம்மா கெட்டவர் இல்லை. பயந்திருக்கிறார். ஆனாலும் பதில் ஒன்றுதான்: நீங்கள் 18 வயது நிறைந்தவர் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் நீங்கள் பேசியதைச் சொல்லக் கூடாது. பணம் கட்டுபவர் நேரத்துக்குத்தான் பணம் கட்டுகிறார், தகவலுக்கு அல்ல.

ஆனால் ஒரு வழி தெரபிஸ்ட்டுக்குத் திறந்தே இருக்கும். வீட்டார் சொல்வதை அவர் கேட்டுக்கொள்ளலாம். "நீங்கள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்" என்று உங்களிடமே வந்து சொல்வதுதான் முறை. வீட்டார் ரகசியமாகச் சொன்னதை ரகசியமாகவே வைத்துக்கொண்டு உங்களிடம் பேசுகிற தெரபிஸ்ட், கொஞ்ச நாளில் மாட்டிக்கொள்வார்.

தீவிரமான மனநோய் இருந்து, வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலை என்றால் விஷயம் மாறும். மாத்திரை என்ன, பக்கவிளைவு என்ன, எப்போது கூட்டிவர வேண்டும் என்பதெல்லாம் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியாமல் முடியாது. இதற்குத்தான் சட்டம் 'நியமனப் பிரதிநிதி' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. 18 வயது நிறைந்த யாரும் ஒரு வெள்ளைத் தாளில், "எனக்கு இன்னார் பிரதிநிதி" என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பிரதிநிதி தன் கடமையைச் செய்வதற்குத் தேவையான தகவலைத் தருவதற்குச் சட்டமே அனுமதிக்கிறது. நீங்கள் யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால், அந்த இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார். ஆக, அப்பாவைவிட அக்காவையோ, கணவரைவிடக் கல்லூரித் தோழியையோ நீங்கள் நம்புகிறீர்கள் என்றால், நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பது புத்திசாலித்தனம். பிரதிநிதி ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என் மகனுக்கு 16 வயது. அவன் பேசுவது எனக்குத் தெரியக் கூடாதா?

சட்டப்படி உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பாதுகாவலர்தான் நியமனப் பிரதிநிதி. ஆனால் நடைமுறையில் நல்ல தெரபிஸ்ட் யாரும் வாராவாரம் உங்களுக்கு ஒப்பிக்க மாட்டார். முதல் நாளிலேயே மூன்று பேரும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வருவார்கள்: உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துவது, போதைப்பொருள் கைமீறிப் போவது என்றால் பெற்றோருக்குச் சொல்வேன், சிகரெட், கிரஷ், 'அப்பா மேல கோபம்' இதெல்லாம் எங்களுக்குள். இதற்குச் சம்மதிக்க முடியாத பெற்றோரின் பிள்ளை பேசப்போவதில்லை. காசுதான் வீண்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெரபிஸ்ட்டுக்கு வேறு வழியே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்கோ சிறார் சிறப்புப் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கவுன்சிலருக்கு இதில் விலக்கு இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், 17 வயதுப் பெண் தன் வயதுக் காதலனைப் பற்றிப் பேசும்போது. சட்டத்தின் எழுத்துக்கு இதற்கும் வன்கொடுமைக்கும் வித்தியாசம் இல்லை. பதின்பருவத்துக் காதலர்களைச் சிறைக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கையே ரத்து செய்தார். ஆனாலும் தகவல் சொல்லும் கடமை அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கும் முன்பே "இது இதைச் சொன்னால் நான் வெளியே சொல்லித்தான் ஆகணும்" என்று எச்சரித்துவிடுவது நியாயம். பேசவைத்துவிட்டு அப்புறம் சொல்வது துரோகம்.

சாகலாம் போல இருக்கிறது என்று சொன்னால் போலீஸுக்குச் சொல்வார்களா?

இல்லை. அந்த எண்ணம் வருவது குற்றம் அல்ல. அதைச் சொல்வதும் அல்ல. தெரபிஸ்ட்டுகள் இதை அடிக்கடி கேட்கிறார்கள், அதிர்ச்சியடைய மாட்டார்கள். அவர் பதிலுக்குச் சில கேள்விகள் கேட்பார்: எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது திட்டம் இருக்கிறதா, இன்று இரவு தனியாக இருப்பீர்களா என்று. எண்ணம் மட்டும் என்றால் அது அறைக்குள்ளேயே பேசித் தீர்க்கும் விஷயம். இன்றோ நாளையோ உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், ரகசியத்தை மீற சட்டம் அனுமதிக்கிறது. அப்போதும் வழக்கம் என்னவென்றால், உங்கள் முன்னாலேயே, யாரைக் கூப்பிடலாம் என்று உங்களையே கேட்டு, தேவையான அளவுக்கு மட்டும் சொல்வது. "இவரை இன்னிக்குத் தனியா விடாதீங்க" என்பது போதும். ஏன் என்ற கதை முழுவதும் அங்கே தேவையில்லை.

பழைய பயத்துக்குக் காரணம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு அது. 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியது: வேறுவிதமாக நிரூபிக்காதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 அப்படியே இடம்பெறவில்லை. ஒரு அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயல்வதை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறார்கள். முயற்சிக்குப் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் 'மெடிகோ-லீகல் கேஸ்', அதாவது போலீஸுக்குத் தெரிவிக்கும் கேஸ், என்று பதிவு செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேறு. அறையில் உட்கார்ந்து பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதைப் படிக்கும்போதே அந்த எண்ணம் இருந்தால், 14416 என்ற எண்ணை, அதாவது அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை, அழையுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொருவரைக் கொல்லப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால்?

உலகமெங்கும் தெரபிஸ்ட்டுகள் படிக்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. அதில் இருந்தவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. வங்காளத்திலிருந்து அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன பிரசெஞ்சித் போதார், தன்னை விரும்பாத தத்தியானா தாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாக 1969-இல் பல்கலைக்கழக மருத்துவமனை உளவியலாளரிடம் சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யார் என்று எளிதில் ஊகிக்கலாம். உளவியலாளர் சும்மா இருக்கவில்லை, வளாகப் போலீஸுக்கு எழுதினார். போலீஸ் பிடித்து விசாரித்து, 'ஆள் நிதானமாகத்தான் இருக்கிறார்' என்று விட்டுவிட்டது. தத்தியானாவிடமோ அவர் பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார்.

பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் இறுதியாகச் சொன்னது: ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுப்பது தெரபிஸ்ட்டின் கடமை. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 23-ஆவது பிரிவிலும், பிறரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காப்பாற்றத் தகவல் தரலாம் என்று இருக்கிறது, அதுவும் காப்பாற்றத் தேவையான அளவுக்கு மட்டும். கோபத்தில் "அவனைக் கொல்லணும் போல இருக்கு" என்று சொல்வதெல்லாம் இதில் வராது. அப்படிச் சொல்லாதவர்கள் தெரபிக்கு வருவதே குறைவு.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. நான் பேசியதை கோர்ட்டில் கொண்டுவர முடியுமா?

முடியும், இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. வக்கீலிடம் சொன்னதற்கும், கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதற்கும் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. மருத்துவருக்கும் தெரபிஸ்ட்டுக்கும் அது கிடையாது. நீதிமன்றம் உத்தரவிட்டால் அவர்கள் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தெரபிஸ்ட்டுக்கும் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்துவிட்டது. இங்கே அது வராததை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

அதற்காக எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும் என்று அர்த்தம் இல்லை. வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு ஆகாது. கணவரோ மனைவியோ நேரில் வந்து கேட்டாலும் தரக் கூடாது. உத்தரவு வந்தாலும், கேட்டதற்கு மட்டுமே பதில்.

'தெரபிக்குப் போனாள், அதனால் பைத்தியம், குழந்தையைக் கொடுக்கக் கூடாது' என்ற வாதம் குடும்ப நீதிமன்ற வராந்தாக்களில் சகஜம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒருவரை வாயடைக்கும் அதே புத்திதான். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2017 சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு வழக்கில் மனநோய்க்கான ஆதாரத்தைக் காட்டி, மறுதரப்பு அதை மறுத்தால், கோர்ட் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இதே சட்டத்தின் கீழ் வரும் அமைப்பு) அனுப்ப வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வக்கீலுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

தம்பதி கவுன்சிலிங்குக்குச் சேர்ந்து போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: தனியாகப் பேசும்போது ஒருவர் சொல்வதை மற்றவரிடம் சொல்வீர்களா? ஒவ்வொரு தெரபிஸ்ட்டுக்கும் ஒரு கொள்கை இருக்கும். எதுவாக இருந்தாலும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

என் ஃபைலை நான் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2017 சட்டத்தின் 25-ஆவது பிரிவு அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவரிடம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 விதிமுறை. சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் அதைப் பாதுகாக்கவும் வேண்டும். உங்களுக்குக் கடுமையான மன பாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரும் என்று நினைத்தால் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால், 'நீங்கள் வாரியத்தில் முறையிடலாம்' என்று அவரே உங்களிடம் சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ஒரே அறையில் நான்கு பேர் முன்னால் பேசச் சொல்கிறார்களே?

தெரியும். ஒரு அறை, இரண்டு மேஜை, மேஜைக்கு ஒரு டாக்டர், பின்னால் சுவரோரம் பயிற்சி மாணவர்கள், அடுத்த நோயாளி ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்பார். இதில் ரகசியம் எங்கே என்று கேட்டால் நியாயமான கேள்விதான். டாக்டர்களைக் குறை சொல்லி ஆகப்போவது இல்லை, கூட்டம் அப்படி. ஆனால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: "டாக்டர், இதை மட்டும் தனியாச் சொல்லணும்." பெரும்பாலும் மதியம் கூட்டம் குறைந்த பிறகு வரச் சொல்வார்கள், அல்லது உள்ளே இருக்கும் உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ அனுப்புவார்கள். மாணவர்கள் இருக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது.

சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவோ தகவலோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. வார்டுக்குள் வந்து வீடியோ எடுக்கும் யூடியூபர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஆன்லைன் தெரபி, வாட்ஸ்அப், ஜிபே இதெல்லாம் பாதுகாப்பா?

ஆப் பாதுகாப்பானதா என்பதைவிட, உங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதுதான் பெரிய கேள்வி. மொட்டை மாடியிலும், நிறுத்திவைத்த காருக்குள்ளும் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஏராளம். ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். பக்கத்தில் யாராவது வந்தால் பேச்சை மாற்ற ஒரு சங்கேதச் சொல்லை முன்பே வைத்துக்கொள்ளலாம்.

கசிவு பெரும்பாலும் சின்ன விஷயங்களில் வருகிறது. ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து ஜிபே செய்தால் கிளினிக் பெயரோடு பாஸ்புக்கில் நிற்கும். 'நாளை மாலை 5 மணி தெரபி' என்ற நினைவூட்டல், பூட்டிய ஸ்கிரீன் மேலேயே வந்து நிற்கும். கணவர் பெயரில் இருக்கும் நம்பரை முதல் நாள் படிவத்தில் எழுதிவிட்டால் அழைப்பு அவருக்குத்தான் போகும். எந்த எண்ணில், எந்த நேரத்தில், என்ன சொல்லி அழைக்கலாம் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமல் தெரபிஸ்ட் பேச்சைப் பதிவு செய்யக் கூடாது. இப்போது சிலர் ஏ.ஐ. கருவியை வைத்துக் குறிப்பெடுக்கிறார்கள், அதையும் சொல்லியே செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம். அதேபோல, தெரபிஸ்ட் தன் மேற்பார்வையாளரிடம் உங்கள் விஷயத்தைப் பேசலாம். பெயர், ஊர், வேலை எல்லாம் நீக்கிவிட்டுப் பேச வேண்டும். இது நல்ல வழக்கம், பயப்பட வேண்டாம். சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு மேலே சொன்ன எந்தச் சட்டமும் பொருந்தாது.

கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சிலிங். ஹெச்.ஆருக்குப் போகுமா?

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போகும். யார், என்ன பேசினார் என்பது போகக் கூடாது. ஆனால் 'வேலைக்குத் தகுதியா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஹெச்.ஆரே உங்களை அனுப்பியிருந்தால் அது தெரபி இல்லை, மதிப்பீடு. அறிக்கை அவர்களுக்குத்தான் போகும். உட்காருவதற்கு முன்பே இரண்டில் எது என்று கேளுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ்?

உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கிளெய்ம் செய்தால் நோயின் பெயர் நிறுவனத்துக்குத் தெரியும். அந்தச் சம்மதத்தைக் கொடுப்பது நீங்கள்தான். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

இவர் உண்மையில் தகுதியானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமை. மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்து எழுதக்கூடியவர் அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்கும். கவுன்சிலர் என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள இன்றைக்கும் பெரிய தடை இல்லை. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்பவர்களும் உண்டு, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்து இருபது வருடம் நேர்மையாகப் பார்ப்பவர்களும் உண்டு. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் கவுன்சிலர்களையும் பதிவுக்குள் கொண்டுவருவதற்காகவும் இயற்றப்பட்டது. அந்தப் பதிவு முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, எங்கே படித்தீர்கள், யார் மேற்பார்வை என்று கேட்பதைத் தவிர வழி இல்லை. பதிவு இல்லாதவர் உங்கள் ரகசியத்தை உடைத்தால், அவருடைய உரிமத்தைப் பறிக்க ஆளில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

நான் ஓரினச்சேர்க்கையாளர். 'மாற்றிவிடலாம்' என்று வீட்டில் ஒருவரிடம் அழைத்துப்போகிறார்கள்.

மறுக்கலாம். மாற்ற முயல்வதே தவறு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட 'சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதுவதற்கு முன், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வமான காட்சி. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. உங்கள் பாலின ஈர்ப்பை வீட்டில் சொல்லிவிட தெரபிஸ்ட்டுக்கு உரிமை இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை வைக்கலாமா? கடைத்தெருவில் பார்த்தால் பேசுவாரா?

பத்திரிகை வையுங்கள், வராவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள். வந்தால் "நீங்க எப்படிப் பழக்கம்?" என்று பக்கத்து நாற்காலி மாமா கேட்பார், அவரால் பதில் சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில் எதிரே வந்தாலும் நீங்கள் முதலில் சிரித்தால்தான் அவர் சிரிப்பார். தெரியாதவர் போலப் போவது திமிர் இல்லை, உங்களோடு வந்தவருக்கு அவர் யார் என்று விளக்க வேண்டிய சங்கடத்தை உங்களுக்குத் தராமல் இருப்பதற்காக.

தெரபிஸ்ட் உங்களிடம் கடன் கேட்பது, தொழிலில் பங்கு சேர்ப்பது, உங்களிடம் வேலை வாங்குவது எல்லாம் எல்லை மீறல். பாலியல் ரீதியான எந்த உறவும், நீங்களே சம்மதித்தாலும், தெரபிஸ்ட்டின் தவறுதான். இதில் விதிவிலக்கு கிடையாது.

பாதியில் நிறுத்தலாமா?

தாராளமாக. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபீஸ், கேன்சல் செய்தால் பிடிக்கும் தொகை ஆகியவற்றை முதலிலேயே கேட்டுக்கொண்டால் தகராறு வராது. மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடவும்.

ரகசியத்தை உடைத்துவிட்டார். எங்கே புகார் செய்வது?

மருத்துவமனை என்றால் முதலில் அதன் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம் என்று 28-ஆவது பிரிவு வழி சொல்கிறது. மருத்துவர்மேல் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. பணம் கட்டிப் பார்த்த எவர்மேலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பதிவு இல்லாத கவுன்சிலருக்கு அதுதான் நடைமுறையில் ஒரே வழி. 2017 சட்டத்தை மீறினால் முதல்முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று தேதியோடு எழுதுங்கள். 'நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டார்' என்று மட்டும் எழுதினால் எந்த வாரியமும் ஒன்றும் செய்ய முடியாது.

டொராண்டோவில் இருக்கிறேன். தமிழ் தெரபிஸ்ட்டிடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம்.

புரிகிறது, டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் ஒன்ராறியோவில் பதிவு பெற்ற தெரபிஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் விதிகள் இங்கிருப்பதைவிட இறுக்கமானவை. 2004-ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் சட்டம் ஒன்று இருக்கிறது, புகார் வாங்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு (அங்கே அதை 'காலேஜ்' என்பார்கள்) இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும் தெரபிஸ்ட்டிடம் மொழிபெயர்ப்பாளரோடு போவதானால், உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் அங்கேயும் தெரபிஸ்ட் சொல்லியே ஆக வேண்டும்.

நான் தெரபிக்குப் போவதை நானே வெளியே சொல்லலாமா?

சொல்லலாம். ரகசியம் உங்களுடையது, அவருடையது அல்ல. ஃபேஸ்புக்கில் எழுதலாம், கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியும் எழுதலாம். அதற்கு அவர் பதில் எழுதமாட்டார். எழுதினால் நீங்கள் அவரிடம் வந்ததை அவரே உறுதிசெய்த மாதிரி ஆகிவிடும். அதனால் கூகுள் ரிவியூவைப் பார்த்துத் தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு தரப்புக் கதையை மட்டுமே படிக்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.